பழைய பிரிட்டிஷ் டிவி தொடர்களின் தீம் மியூசிக்: எது இன்னும் உங்கள் காதை விட்டுப் போகவில்லை?

ஹாரோ_சிவா

நான் எழுபதுகளின்ர கடைசியில லண்டனுக்குப் படிக்க வந்தனான். வாடகைக்கு இருந்த அறையில ரீவி இல்லை. வீட்டுக்காரக் கிழவியின்ர முன்னறையில ஒண்டு இருந்தது, ஆனா என்னை உள்ள கூப்பிட மனிசிக்குக் கன காலம் பிடிச்சது. அதுவரைக்கும் சுவருக்கு இஞ்சால கட்டில்ல இருந்துகொண்டு எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். ஆக்கள் கதைக்கிறதைச் சுவர் விழுங்கிப்போடும். தீம் மியூசிக் மட்டும் வடிவாக் கேக்கும்.

திங்களும் புதனும் இரவு ஏழரைக்கு ஒரு ஊதுகுழல் சோம்பலா இழுத்து இழுத்து வரும். அது கொரொனேசன் ஸ்ரீட் எண்ட குடும்பத் தொடர். சனி மத்தியானம் கிராண்ட்ஸ்ராண்ட் விளையாட்டு நிகழ்ச்சி, பின்னேரம் டொக்டர் ஹூ எண்ட அறிவியல் புனைகதைத் தொடர், இரவு மட்ச் ஒஃப் த டே உதைபந்தாட்டம். கலண்டர் பாக்கத் தேவையில்லை. பிறகு படத்தோட பாக்கக் கிடைச்சபோது சிலது ஏமாத்தமாக்கூட இருந்தது. கொரொனேசன் ஸ்ரீட் இசையைக் கேட்டு நான் மனசில கட்டி வைச்ச ஊர் வேற, திரையில வந்த செங்கல் வீட்டுக் கூரையளும் புகைபோக்கியளும் வேற.

என்ர கேள்வி இதுதான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரீவி இசையில எது உங்களோட ஒட்டிக்கொண்டு நிக்குது? அதை ஆர் செய்தது எண்டு எப்பவாவது தேடிப் பாத்தனீங்களோ? சும்மா பேரை மட்டும் பட்டியல் போட்டுவிட்டு ஓடாதேங்கோ.

டேப்_மணி

சிவா அண்ணே, சுவருக்கு அந்தாண்டை கேட்டுச்சுன்னு சொன்னீங்களே, அந்த இசைக்கு வச்ச பரீட்சையே அதுதான். அப்போ டிவி பெட்டிக்குள்ள இருந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். கீழ்ஸ்தாயி எதுவும் அதுல எழும்பாது. அடுப்படியில நிக்கிறவங்களைக் கூடத்துக்கு இழுத்துட்டு வரணும்னா ட்ரம்பெட், பிக்கலோங்கிற குட்டிப் புல்லாங்குழல் மாதிரி கிழிச்சுக்கிட்டு வர்ற கருவிதான் வேணும். சென்னையில ரெக்கார்டிங் தியேட்டர்ல வேலை பார்த்தவன் நான். அந்த தீம்களை இப்போ ஹெட்போன்ல கேட்டாலும், சின்ன ஸ்பீக்கரை நினைச்சுத்தான் கலந்திருக்காங்கன்னு பட்டுனு தெரியும்.

யார் செஞ்சதுன்னு கேட்டீங்க. கிராண்ட்ஸ்டாண்ட் (1975ல வந்த மெட்டு) கீத் மான்ஸ்ஃபீல்ட். பிபிசி விம்பிள்டன் ஆரம்பிக்கறப்போ துள்ளிக்கிட்டு வருமே, அதுவும் அவரேதான். ஆனா விம்பிள்டன் மெட்டை டென்னிஸுக்காக அவர் எழுதலை! அது லைப்ரரி மியூசிக்.

அது என்னன்னா, கேபிஎம், டி வோல்ஃப் மாதிரி கம்பெனிங்க இசையை முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணி எல்பியா அடுக்கி வச்சிருப்பாங்க. கடையில விக்க மாட்டாங்க. டிவிக்காரங்களுக்கும் படக்காரங்களுக்கும் மட்டும்தான் போகும். கேபிஎம் தட்டுக்கெல்லாம் ஒரே மாதிரி மங்கின பச்சை அட்டை, படம் கிடையாது, பின்பக்கம் 'உற்சாகம், விளையாட்டு, தொழிற்சாலை'ங்கிற தினுசுல ஒரு வரிக் குறிப்பு. தயாரிப்பாளர் வந்து ரெடிமேட் சட்டை எடுக்கற மாதிரி எடுத்துப் பார்த்து, பொருந்துறதைக் கொண்டு போவார். கட்டணத்தைக் கட்டினாப் போதும்.

இதுல ஒரு கூத்து. பிபிசியில கிரேஞ்ச் ஹில்னு பள்ளிக்கூடத் தொடர், 1978ல ஆரம்பிச்சது. தலைப்புல காமிக்ஸ் கட்டம் கட்டமா ஓடும், நடுவுல முள்கரண்டியில குத்தின சாஸேஜ் ஒண்ணு பறந்து வரும். அந்த மெட்டு ஆலன் ஹாக்ஷா எழுதின லைப்ரரி துண்டு. கொஞ்ச நாள்ல ஐடிவியில கிவ் அஸ் எ க்ளூன்னு ஒரு விளையாட்டு நிகழ்ச்சி வந்துச்சு. அவங்களும் போய் அதே மெட்டையே எடுத்துட்டாங்க. போட்டிச் சேனல் ரெண்டுலயும் ஒரே பாட்டு! சட்டப்படி யாரும் யாரையும் ஒண்ணும் கேட்க முடியாது.

கொவென்ட்ரி_வாசுகி

டாக்டர் ஹூ பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன், சிவா ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டார். நான் இருக்கும் ஊர்ப் பெண் செய்தது அது, விட மாட்டேன்.

டெலியா டெர்பிஷயர், 1937இல் கொவென்ட்ரியில் பிறந்தவர். 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு இந்த ஊரை எரித்தபோது மூன்று வயதுக் குழந்தை. அருவமான ஒலிகள் மீதான தன் மோகம் அந்த விமானத் தாக்குதல் சங்கொலியில் தொடங்கியது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு டெக்கா கம்பெனியில் வேலை கேட்கப் போனார். ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பெண்களை வைப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பிபிசியில் சேர்ந்து, 1962இல் மைடா வேல் கட்டிடத்தில் இருந்த ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்புக்குப் போனார். நாடகங்களுக்கு வினோத ஒலி செய்து தரும் பிரிவு அது.

1963இல் ரான் கிரெய்னர் டாக்டர் ஹூவுக்கு மெட்டு எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு தாள். அதில் சில இடங்களில் சுரத்துக்குப் பதில் 'மேகங்கள்', 'காற்றுக் குமிழி' என்று எழுதியிருந்தார். எந்த வாத்தியக்காரர் அதை வாசிப்பார்? சிந்தசைசர் என்ற மின்னணு இசைப் பெட்டி அங்கே எட்டிப் பார்க்காத காலம். டெலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் ஒற்றைக் கம்பியை மீட்டிப் பதிவு செய்தார்கள். அந்த டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேண்டிய சுருதிக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் பிளேடால் நறுக்கி வரிசையாக ஒட்டினார்கள். தாளக்கணக்கு அங்கே அங்குலக்கணக்கு. மேலே வழுக்கிக்கொண்டு வரும் அந்த 'ஊஊ' ஆசிலேட்டர் என்ற, ஒலியலை எழுப்பும் சோதனைக்கூடக் கருவியின் குமிழைக் கையால் திருப்பி எடுத்தது. மேகம் என்பது வடிகட்டிய இரைச்சல்.

பல ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் மல்டி ட்ராக் எந்திரமும் கிடையாது. தாழ்சுரத்துக்கு ஒரு ரீல், மெட்டுக்கு ஒரு ரீல், மற்றதற்கு ஒன்று. தனித்தனி எந்திரங்களில் மாட்டி ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஒருமுறை எங்கோ ஓர் இடத்தில் தாளம் தப்பியது. எந்த ஒட்டு தவறு என்று காதால் பிடிக்க முடியவில்லை. மைடா வேலின் நீண்ட தாழ்வாரத்தில் ரீல்களைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் தரையில் நீட்டி, ஒட்டுகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று நடந்து பார்த்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கோணலாக நின்றதாம். மில்ஸ் சொன்னது இது.

முடித்ததைக் கேட்ட கிரெய்னர், "இதை நானா எழுதினேன்?" என்றார். "பெரும்பாலும்" என்றார் டெலியா.

பழைய_ரசிகன்

வாசுகி அம்மா, எல்லாம் சரி. ஆனால் மெட்டு கிரெய்னருடையது. அதை மறுக்க முடியுமா? அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்டெப்டோ அண்ட் சன், மெய்க்ரே, பிறகு தி பிரிசனர், டேல்ஸ் ஆஃப் த அன்எக்ஸ்பெக்டெட் எல்லாம் அவர் கை. ஒன்றுபோல ஒன்று இருக்காது. இப்போது பார்க்கிறேன், டாக்டர் ஹூ என்றாலே டெலியா, டெலியா என்கிறார்கள். நம் சினிமாவிலும் மெட்டுப் போட்டவர் ஒருவர், வாத்தியங்களைப் பிரித்து ஒழுங்கு செய்தவர் வேறொருவர். தட்டில் மெட்டுக்காரர் பெயர்தான் வரும். அதுதானே முறை?

கொவென்ட்ரி_வாசுகி

நம் சினிமாவில் அந்த ஒழுங்கமைப்பாளருக்கு நடந்ததும் நியாயம் என்றா சொல்கிறீர்கள் ஐயா?

கிரெய்னரே அப்படி நினைக்கவில்லை. டெலியா பெயரும் சேர வேண்டும், ராயல்டியில் பங்கும் போக வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். பிபிசி விதிப்படி வொர்க்‌ஷாப் ஊழியர்கள் பெயரில்லாதவர்கள், ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில். அவர் இறந்தது 2001இல். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 டேப் ரீல்கள் கிடைத்தன. மேன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஹூவின் காலப்பயண எந்திரமான டார்டிஸ் கிளம்பும்போது ஓர் இழுப்பு முனகல் கேட்குமே, அது அதே பிரிவில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் தடித்த கம்பிகளைச் சுரண்டி எடுத்தது.

டேப்_மணி

அந்த சாவியை நானும் முயற்சி பண்ணியிருக்கேன். பியானோக்காரர் என்னை உள்ளே விடறதை நிறுத்திட்டார்.

ஈஸ்ட்ஹாம்_நிலா

வணக்கம் அங்கிள், அன்ரி எல்லாருக்கும். நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் பிழை இருந்தால் கண்டுக்காதீங்கோ.

எனக்கு ஈஸ்ட்எண்டர்ஸ் என்ற பிபிசி தொடர். இசை சைமன் மே, 1985 பெப்ரவரி. தேம்ஸ் ஆறு வளைந்து வளைந்து வரும் லண்டன் வரைபடம் சுழலும். அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு, அதனால் சின்ன வயதில் எங்கள் வீட்டையும் அதில் தேடுவேன். ஆனால் எனக்கு முக்கியம் தொடக்க இசை இல்லை, முடிவில் வரும் டிரம். யாரோ அதிர்ச்சியான ஒன்றைச் சொல்வார்கள், காமரா முகத்தில் நிற்கும், 'டூஃப் டூஃப் டூஃப்' என்று அடிக்கும். அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. கதை முழுக்கப் பேசாமல் வெத்திலை போட்டுக்கொண்டு இருப்பா. டிரம் அடித்ததும், "ஐயோ, நாசமாப் போச்சு" என்பா. யாருக்கு என்ன நாசம் என்று அவாவுக்குத் தெரியாது, ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

பின்னேரம் கவுண்ட்டவுன் என்ற போட்டி நிகழ்ச்சி. சனல் 4 தொடங்கிய 1982 நவம்பர் 2இல் முதல் ஒளிபரப்பானதே அந்த நிகழ்ச்சிதான். முப்பது செக்கன் மணிக்கூட்டு இசை. அம்மம்மா அதுக்கும் ஒன்று வைத்திருந்தா. அந்த இசை முடிவதற்குள் நான் பால் குடித்து முடிக்க வேண்டும்.

டேப்_மணி

நிலா, அந்த கடிகார மெட்டும் ஆலன் ஹாக்ஷாதான். மேலே சாஸேஜ் பறந்துச்சே, அதே ஆசாமி. நொடிமுள் நகர்ற பதட்டமும் இருக்கணும், போட்டியாளர் யோசிக்கறதையும் கெடுக்கக்கூடாது, முப்பதாவது நொடியில 'ப்பூம்'னு சரிஞ்சு விழணும். முப்பது நொடிக்குள்ள ஒரு முழு நாடகம்.

இப்படி சின்ன இடத்துல விளையாடறதுல ரானி ஹேசல்ஹர்ஸ்ட்தான் ராஜா. பிபிசி நகைச்சுவைத் தொடர் பாதிக்கு மேல அவர்தான் போட்டார்னு சொல்லலாம். ஆர் யூ பீயிங் சர்வ்ட் துணிக்கடைக் கதை. தாளத்துக்குக் கல்லாப்பெட்டி சத்தம். எஸ் மினிஸ்டர் அமைச்சர் கதை. பிக் பென் மணியோசையைப் பிரிச்சு மெட்டாக்கினார். சம் மதர்ஸ் டூ அவ் எம்னு இன்னொண்ணு. அதுக்கு ரெண்டு பிக்கலோவை வச்சு தொடர் பேரையே மோர்ஸ் தந்திக்குறியா ஊத வச்சார். இன்ஸ்பெக்டர் மோர்ஸ்ங்கிற துப்பறியும் தொடருக்கு பாரிங்டன் ஃபிலாங் பின்னாடி அதே வித்தையைச் செஞ்சார். மோர்ஸ்ங்கிற பேரு தந்தி அடிச்சுக்கிட்டே இருக்கும். சில கதைகள்ல கொலைகாரன் பேரையே இசைக்குள்ள ஒளிச்சு வைப்பார்.

ஹேசல்ஹர்ஸ்ட் 2007ல செத்தப்போ நடந்தது வேற காமெடி. எஸ் கிளப் 7ங்கிற பாப் குழுவோட ரீச் பாட்டை எழுதினதுல அவருக்கும் பங்குன்னு எவனோ விக்கிபீடியாவுல விளையாட்டுக்குச் சேர்த்து வச்சிருந்தான். பெரிய பெரிய பத்திரிகை எல்லாம் இரங்கல் குறிப்புல அதை அப்படியே போட்டுட்டாங்க. மனுஷன் ஐம்பது வருஷம் உழைச்சதுக்குக் கிடைச்ச கடைசி மரியாதை.

கம்பளை_நேசன்

வெளிநாட்டு ஆக்களுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற வகுப்புக் கதை, மைண்ட் யுவர் லங்வேஜ் எங்க? ஒருத்தரும் சொல்லேல்லையே! வீடியோக் கடையில கசட் எடுத்து, தேஞ்சு கோடு விழும்வரைக்கும் பாத்த ஆக்கள் நாங்கள். 1977இல லண்டன் வீக்கெண்ட் ரெலிவிசன். மியூசிக் மக்ஸ் ஹரிஸ். அதில ரஞ்சித் சிங்கா நடிச்ச அல்பேர்ட் மோசஸ் ஆரெண்டு நினைக்கிறியள்? கம்பளையில பிறந்தவர்! எங்கட ஊர் ஆள் லண்டனில தலைப்பா கட்டிச் சர்தாரா நிண்டவர்.

ஈஸ்ட்ஹாம்_நிலா

அதுதான் அங்கிள் என்னுடைய பிரச்சினையே. வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு பகிடி. அதை நிறுத்தியதே உள்ளே இருந்தவர்கள்தான். அந்த நிறுவனத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த மைக்கல் கிரேட் இனப் பகிடி எல்லை மீறுகிறது என்று நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் அந்தத் தலையாட்டலை என்னிடம் செய்து காட்டிச் சிரித்த பிள்ளைகள் அதை எங்கே பழகினவை?

கம்பளை_நேசன்

நீங்கள் அங்க இருந்து பாத்தியள், நாங்கள் இஞ்ச இருந்து பாத்தம் பிள்ளை. எங்களுக்கு அதில சிரிப்பு வந்தது வாத்தியார் மிஸ்டர் பிரவுணைப் பாத்து. அத்தனை பேருக்கும் நடுவில ஒரு வெள்ளைக்காரன் முழிபிதுங்கி நிண்டதைப் பாத்து.

ஹாரோ_சிவா

ரெண்டு பேரும் சொல்லுறது நடந்ததுதான். நான் நிலாவின்ர பக்கம், ஏனெண்டால் நானும் பஸ்ஸில அந்தப் பகிடியை வாங்கினவன். ஆனா நேசன், மக்ஸ் ஹரிஸின்ர அந்த ரியூன் காதில விழுந்தால் எனக்கும் கால் ஆடுதுதான். இசை தப்பிச்சுக்கொள்ளும், கதை மாட்டிக்கொள்ளும். இதுக்கு மேல இந்தச் சண்டை வேண்டாம், வேற இழை திறவுங்கோ.

பழைய_ரசிகன்

உண்மையான பழைய பாட்டு ஒன்று சொல்கிறேன். டாட்ஸ் ஆர்மி என்ற நகைச்சுவைத் தொடரின் தொடக்கத்தில் வருமே, ஹிட்லரைக் கிண்டல் செய்யும் பாட்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் சனங்கள் பதுங்கு குழியில் பாடியது. அந்தத் தெம்பு இன்று யாருக்கு வரும்?

டேப்_மணி

ஐயா, அது 1968ல எழுதின பாட்டு. தொடரை எழுதின ஜிம்மி பெர்ரியே வரி எழுதி, டெரிக் டாவர்னரோட சேர்ந்து மெட்டுப் போட்டார். போர்க்காலத்துப் பாட்டு மாதிரியே இருக்கணும்னு திட்டம் போட்டுச் செஞ்சது. அதுக்காகவே போர்க்காலத்துல நிஜமாவே மேடையில பாடிப் புகழ் வாங்கின பட் ஃபிளனகனைத் தேடிப் பிடிச்சுப் பாட வச்சாங்க. நூறு கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) கூலி. தொடர் ஜூலை கடைசியில ஆரம்பிச்சுது, அக்டோபர்ல அவர் காலமாயிட்டார்.

ஹாரோ_சிவா

உதைக் கேளுங்கோ. என்ர வீட்டுக்காரக் கிழவி போர்க்காலத்தில லண்டனிலயே இருந்தவ. குண்டுவீச்சு நேரம் நிலக்கீழ் ரெயில் நிலையத்தில படுத்தெழும்பினவ. என்னை முன்னறைக்குள்ள விட்ட பிறகு டாட்ஸ் ஆர்மி போகும். அந்தப் பாட்டுத் துடங்கினால் கூடவே பாடுவா, பிசகில்லாமல். "நாங்கள் அங்க பாடினது" எண்டுவா. ரசிகன் ஐயா மட்டும் இல்லை, போருக்குள்ள இருந்த மனிசிக்கே அந்த ஞாபகத்தை ரீவி உண்டாக்கிக் குடுத்திருக்கு!

என்னை முன்னறைக்குள்ள கூப்பிட்டதே கிரிக்கெட்டுக்காகத்தான். 1979, ஓவல், கவாஸ்கர் 221 அடிச்ச ரெஸ்ற். 438 எடுக்கவேணும், 8 விக்கெட்டுக்கு 429இல நிண்டுபோச்சு. "உன்ர ஆள் நல்லா அடிக்கிறான், வந்து பார்" எண்டு கதவைத் தட்டினவ. கவாஸ்கர் என்ர ஆள் இல்லை, நான் யாழ்ப்பாணம் எண்டு விளங்கப்படுத்தப் போனால் ஓவர் முடிஞ்சிடும், பேசாமல் போய் இருந்தன். அண்டைக்குத்தான் பிபிசியின்ர கிரிக்கெட் ரியூனைப் படத்தோட முதல்முதல் பாத்தது.

டேப்_மணி

அந்த கிரிக்கெட் மெட்டைத்தான் நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். சோல் லிம்போ, புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ். இங்கிலீஷ்காரன் மண்ணோட மண்ணா நினைக்கிற டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர் சோல் இசைக்குழு வாசிச்சது!

இப்படிப் பிரிச்சுப் பார்த்தா 'பிரிட்டிஷ் டிவி இசை'ல பிரிட்டன் எங்க இருக்குன்னே தெரியலை. மான்ட்டி பைத்தான் நகைச்சுவைத் தொடர்: அமெரிக்க ராணுவ பேண்ட் மாஸ்டர் சூஸா. உரிமைக் கட்டணம் கட்ட வேண்டாம்னு எடுத்தது. ஓனடின் லைன் கப்பல் தொடர்: சோவியத்தின் கச்சதூரியான். ஸ்கை அட் நைட், பாட்ரிக் மூர் 1957லிருந்து சாகிற வரைக்கும் நடத்தின வானியல் நிகழ்ச்சி: பின்லாந்தின் சிபேலியஸ். மோர்ஸ் போட்ட ஃபிலாங்கும் டாக்டர் ஹூ கிரெய்னரும் ஆஸ்திரேலியாக்காரங்க. வான் டெர் வால்க் துப்பறியும் தொடரோட மெட்டு டச்சுக்காரர் ஒருத்தர் ஜாக் ட்ராம்பின்னு புனைபேர்ல எழுதின லைப்ரரி துண்டு. 1973ல பிரிட்டன் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல்ல முதலிடத்துல நாலு வாரம் உட்கார்ந்திருந்துச்சு. கொஞ்சம் வடக்கே போனா இஸட் கார்ஸ் போலீஸ் தொடர். அது லிவர்பூல் நாட்டுப்பாட்டுதான், ஆனா அதைத் தொடருக்கு ஒழுங்கு பண்ணின ஃப்ரிட்ஸ் ஷ்பீகல் ஆஸ்திரியாவுலிருந்து அகதியா வந்தவர். எவர்ட்டன் கால்பந்து அணி மைதானத்துல இறங்கறப்போ அதைத்தான் போடுவாங்க.

பழைய_ரசிகன்

அதனால் என்ன? ஆர்மோனியம் வெளியிலிருந்து வந்தது, வயலினும் வந்தது. யார் மடியில் வைத்து வாசித்தார்களோ அவர்களுடையது. இந்த மெட்டுகளை ஒரு தேசமே ஒரே நேரத்தில் உட்கார்ந்து கேட்டது. 1986 கிறிஸ்துமஸ் அன்று ஈஸ்ட்எண்டர்ஸை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள் என்பார்கள். அந்த மூன்று கோடிப் பேருடைய இசைதான் அது.

கொவென்ட்ரி_வாசுகி

இதில் ரசிகன் ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள், செய்தவர் பெயர் காணாமல் போகிறது. வீட்டுக்காரம்மா பாடிய பாட்டுக்குக் கூலி நூறு கினி.

டேப்_மணி

பேரு மட்டுமா காணாமப் போச்சு, படமே போச்சு. டேப் விலை ஜாஸ்தி, அதனால பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழிச்சு அதே டேப்புல புதுசைப் பதிவு பண்ணுச்சு. அறுபதுகளோட டாக்டர் ஹூவுல 90க்கும் மேல எபிசோடுக்குப் படம் கிடையாது. டாட்ஸ் ஆர்மியில மூணு கிடையாது. 2013ல நைஜீரியா டிவி நிலையத்துல டப்பா டப்பாவா இருந்ததுல டாக்டர் ஹூ ஒன்பது எபிசோடு திரும்பி வந்துச்சு.

ஆனா ஒலி? டாக்டர் ஹூவுல காணாமப் போன எபிசோடு ஒவ்வொண்ணோட ஒலியும் முழுசா இருக்கு. வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலத்துல, டிவி ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக்கை வச்சும் வயரை இழுத்தும் வீட்டு டேப் ரெக்கார்டர்ல பிடிச்சு வச்ச பள்ளிக்கூடப் பசங்க செஞ்ச வேலை. அவ்வளவு பெரிய பிபிசி காப்பாத்தாததை விடலைப் பசங்க படுக்கையறையில காப்பாத்தினாங்க. சிவா அண்ணே, நீங்க சுவருக்கு இந்தாண்டை கேட்ட மாதிரிதான் இன்னைக்கு உலகமே அந்தக் கதைகளைக் கேட்குது.

ஹாரோ_சிவா

இது எனக்குப் புதுசு. அந்தப் பெடியளுக்கு ஒரு கும்பிடு.

சத்தத்தைப் பற்றி இன்னுமொண்டு. பகலில நிகழ்ச்சி இல்லாத நேரம் ரெஸ்ற் கார்ட் எண்டு ஒரு படம் நிக்கும். ஒரு சின்னப் பெட்டை, பக்கத்தில கோமாளிப் பொம்மை, கரும்பலகையில புள்ளடி விளையாட்டு. அந்தப் புள்ளடி இருக்கிற இடம்தான் திரையின்ர நட்டநடு. ரீவி திருத்துறவனுக்கு அதுதான் அளவு. அந்தப் பெட்டை, அந்த அட்டையை வரைஞ்ச பிபிசி பொறியியலாளரின்ர மகள். 1967இல துடங்கி ஆயிரக்கணக்கான மணித்தியாலம் அந்த முகம்தான் பிரிட்டன் ரீவியில. பின்னால ஓடுறது பேர் தெரியாத லைப்ரரி இசை. அதுக்கெண்டே ரசிகர் சங்கம் வைச்சிருக்கினம் எண்டால் நம்புவியளோ? இரவு பிபிசி 1 மூடேக்க அரசிக்கு வாழ்த்துப் பாட்டு. கிழவி எழும்பி நிப்பா எண்டு நினைச்சன். இல்லை, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போயிடுவா.

கொவென்ட்ரி_வாசுகி

மறுபடி டாக்டர் ஹூவுக்கு வருகிறேன், மன்னியுங்கள். 1980இல் பீட்டர் ஹொவெல் சிந்தசைசரில் புதிதாகச் செய்ததுதான் எனக்குப் பிடிக்கும் என்று என் கணவரே சொல்கிறார். வீட்டில் சமையல் நிறுத்தப்பட்டிருக்கிறது.

டேப்_மணி

ஹொவெல் வேலை நல்ல வேலைதான் அக்கா. அவரும் அதே வொர்க்‌ஷாப் ஆள்தானே. என்ன, சுருதி ரொம்ப சுத்தம். டெலியாவோடதுல ஒவ்வொரு சுரமும் மயிரிழை தள்ளி விழும், கையால ஒட்டினது. அந்த தள்ளல்லதான் பயம் இருக்கு. அவருக்குச் சோறு போடுங்க.

ஈஸ்ட்ஹாம்_நிலா

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பார்த்த நிகழ்ச்சி, வயலினும் ட்ரம்பெட்டும் துரத்திக்கொண்டு ஓடும். 'டடட டண்டண் டடட டண்டண்' என்று நிற்காமல். பழைய சேர்ச் இசையை யாரோ வேகமாக ஓட்டியது மாதிரி. ஒரே வெள்ளையாக இருந்தது ஞாபகம். என்ன அது?

ஹாரோ_சிவா

ஸ்கீ சண்டே பிள்ளை. பனிச்சறுக்குப் போட்டி. இசை சாம் ஃபொன்ரெயின். பாக் எண்ட பழைய ஜெர்மன் இசைமேதையின்ர பாணியை எடுத்து பொப் இசையா விரட்டினது. மணி சந்தோசப்படுவார், அதுவும் லைப்ரரித் தட்டில இருந்து எடுத்ததுதான். உங்கட அப்பாவும் என்னை மாதிரித்தான் போல. சறுக்கத் தெரியாது, சறுக்கிறவன் ஒருத்தனின்ர பேரும் தெரியாது, இசை முடியுமட்டும் இருந்து பாத்திட்டு எழும்பிச் சோத்துக்குப் போறது.